கம்போடியாவில் வளரும் எங்கள் பிள்ளை: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கையும் அவள் கணவரும் கம்போடியாவில் மிஷனெரிகள். அவர்களுடைய மூத்த மகளுக்கு வயது 16. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது காரைக்குடியை விட்டுப் போனவள், ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவாள். வந்து இறங்கிய மறுநாளே நாங்கள் இருக்கும் செக்காலைப் பகுதியில் கேள்விகள் தொடங்கிவிடும். சபையில், மளிகைக் கடையில், பக்கத்து வீட்டு ஆச்சியின் திண்ணையில் என எங்கே போனாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்லியே பிள்ளைக்கு விடுமுறை கழிந்துவிடுகிறது. அதனால் அவளோடு உட்கார்ந்து பேசி, எழுதலாம் என்று அவள் ஒப்புக்கொண்டதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரியம்மாவாக நான் சேர்த்த கருத்துகளும் ஆங்காங்கே உண்டு.

"மிஷனெரி பிள்ளைன்னா அவளும் ஊழியக்காரிதானா? அவளும் பிரசங்கம் பண்ணுவாளா?"

இல்லை. ஊழியத்துக்குப் போனது அப்பாவும் அம்மாவும். பிள்ளை அவர்களோடு போனாள், அவ்வளவுதான். அப்பா ஒரு விடுதியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் சொல்லித் தருகிறார். அம்மா நர்ஸ். இவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவாள், ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். இதை நம் சபைப் பெண்பிள்ளைகளும்தான் செய்கிறார்கள்.

நம்ம பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. இதே மாவட்டத்துத் திருப்பத்தூரில் ஸ்வீடன் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனெரிகள் பலர் குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் இந்த வெயிலில்தான் ஓடியாடி வளர்ந்தார்கள். இப்போது நம் பிள்ளைகள் வெளியே போய் வளர்கிறார்கள்.

"கம்போடியா எங்கம்மா இருக்கு? எப்படிப் போறது?"

தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில். அங்கோர்வாட் கோயில் இருக்கும் நாடு என்றால் பலருக்கும் சட்டென்று தெரியும். தலைநகர் நோம் பென். இவர்கள் இருப்பது அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தெற்கே, கடலோரப் பக்கம் உள்ள கம்போட் என்ற ஊரில். பெயரைப் பார்த்து நாட்டையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஊர்ப் பெயரே அதுதான்.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம், அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு நோம் பென், அப்புறம் பஸ் அல்லது வேன். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். நமக்கு ராத்திரி எட்டரை என்றால் அங்கே பத்து. போன் பேச நினைக்கும் உறவுக்காரர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

"அங்க என்ன பாஷை? பிள்ளை தமிழை மறந்துட்டாளா?"

கெமர் மொழி. எழுத்தைப் பார்த்தால் வளைந்து வளைந்து பின்னிக்கொண்டு இருக்கும். அது பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வளர்ந்த எழுத்துதான். பேச்சு வேறு குடும்பம், நமக்கும் அதற்கும் ஒட்டில்லை. எண்ணுகிற முறையும் வேறு: ஆறுக்கு 'ஐந்து ஒன்று', ஏழுக்கு 'ஐந்து இரண்டு' என்று ஐந்தை வைத்தே ஒன்பது வரை போவார்கள். சந்தையில் பேரம் பேசும்போது அவள் விரலை மடக்காமல் கணக்குச் சொல்வதைப் பார்த்து என் தங்கையே அசந்துவிட்டாளாம்.

தமிழ் பேசுவாள். வீட்டில் தமிழ்தான். வேகமாகப் பேசினால் சில சொற்கள் பிடிபடாது, படிக்கும்போது எழுத்துக்கூட்டிப் படிப்பாள். தினம் ராத்திரி வேதாகமத்தில் ஒரு அதிகாரம் தமிழில் சத்தமாக வாசிக்கிற பழக்கம்தான் அவளுக்குத் தமிழைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. தயவுசெய்து அவள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒருமுறை யாரோ சிரித்ததில் அந்த வாரம் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினாள்.

"பாம்பு, பல்லி, பூச்சியெல்லாம் திம்பாங்களாமே? பிள்ளை என்னத்தைச் சாப்பிடுது?"

சோறுதான் சாப்பிடுகிறாள். அங்கே மூன்று வேளையும் சோறு, கூட மீன். வறுத்த வெட்டுக்கிளியும் எட்டுக்கால் பூச்சியும் விற்பது உண்மைதான், அதற்கென்று பெயர்போன ஊரும் இருக்கிறது. ஆனால் அது நொறுக்குத் தீனி, தினசரிச் சாப்பாடு இல்லை. வெட்டுக்கிளியை இவள் சாப்பிட்டிருக்கிறாள். மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது என்கிறாள்.

காலை ஆகாரமாக நூம் பன்சோக் என்று ஒன்று உண்டு. அரிசி மாவை இடியாப்பம் மாதிரி பிழிந்து, மேலே மீன் குழம்பும் பச்சைக் காய்களும் போட்டுத் தருவார்கள். அதைத்தான் தினம் கேட்பாளாம். பிராஹோக் என்ற மீன் பக்குவத்தின் வாடை மட்டும் புதிதாகப் போனவர்களுக்குத் தாங்காது. கருவாட்டுக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த வீடு என்பதால் என் தங்கை சீக்கிரமே பழகிக்கொண்டாள்.

செட்டிநாட்டு ஆட்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கம்போட் மிளகைப் பற்றி. உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய மிளகு அது, 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பச்சை மிளகைக் கொத்தோடு போட்டு நண்டு வதக்குவது அந்தக் கடலோரத்தின் பெருமைச் சமையல். பழுத்துச் சிவந்த மிளகைத் தனியாகப் பொறுக்கி உலர்த்துவார்கள். போன தடவை அவள் கொண்டுவந்த சிவப்பு மிளகில் கோழி வறுத்தேன். காரம் மெதுவாக ஏறியது, வாசனை மட்டும் கை கழுவிய பிறகும் போகவில்லை. கறுப்புக் கவுனி மாதிரியான ஒட்டரிசி அங்கேயும் உண்டு. அதில் தேங்காயும் சீனியும் போட்டு நம் வீட்டுக் கவுனி அரிசி கிண்டித் தன் தோழிகளுக்கும் கொடுத்திருக்கிறாள்.

"ஸ்கூலுக்குப் போறாளா இல்லையா? வீட்டுலயே இருந்தா படிப்பு என்ன ஆகும்?"

படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். உள்ளூர் அரசுப் பள்ளியில் எல்லாம் கெமர் மொழியில். காலை ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று அரைநாள் அரைநாளாக நடக்கும். சின்ன வகுப்புகளில் அங்கே போனாள், மொழி வந்தது அப்படித்தான். இப்போது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு. பரீட்சை மட்டும் தலைநகரில் உள்ள மையத்துக்குப் போய் எழுதுகிறாள்.

"கொடைக்கானல் போர்டிங்கில் விட்டிருக்கலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். மிஷனெரி பிள்ளைகளுக்காகவே 1901-இல் அங்கே தொடங்கிய பள்ளி இன்றைக்குப் பெரிய சர்வதேசப் பள்ளியாகிவிட்டது. கட்டணம் இவர்கள் கைக்கு எட்டாது. அதைவிட, பிள்ளையைப் பிரிந்திருக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. நான் அந்த முடிவின் பக்கம்தான்.

"சரி, நாள் முழுக்க என்னதான் பண்ணுவா? அங்க பொழுது எப்படிப் போகும்?"

காலையில் வகுப்பு. மதியம் வெயில் தாழ்கிற வரைக்கும் வீட்டு வேலையும் பாடமும். நாலரை மணிக்கு மேல் வாலிபால். அந்த நாட்டில் காலி மனை கண்ட இடமெல்லாம் வலை கட்டி வாலிபால் ஆடுவார்கள். பெண்பிள்ளைகள் அணியில் இவள் பந்து தூக்கிக் கொடுக்கிற இடத்தில் நிற்பவள். கிரிக்கெட் அங்கே பேச்சுக்குக்கூடக் கிடையாது. இங்கே வந்ததும் ஐபிஎல் பற்றிக் கேட்டால் விழிப்பது அதனால்தான், திமிர் இல்லை. கிடாரில் பாட்டு வாசிப்பாள், கொரியன் தொடர் பார்ப்பாள், தம்பியோடு சண்டை போடுவாள்.

இதையெல்லாம்விட அவளுக்கு உயிரானது தரை. ஆமாம், வீட்டுத் தரைதான். கம்போட்டில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடைவீடுகள் ஆற்றங்கரை ஓரமாக இன்னும் நிற்கின்றன. அந்தக் காலக் கட்டடங்களின் தரையில் பூப்போட்ட சிமெண்ட் கற்கள் பதித்திருப்பார்கள். எங்கே அப்படி ஒரு தரை கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கட்டம்போட்ட நோட்டில் வரைந்துகொள்வாள். இங்கே வந்தால், அதே மாதிரிப் பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிப்பு.

ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் அரைநாள் நின்று பார்த்தாள். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணிலும் ஒவ்வொரு வண்ணக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் அந்த அண்ணன். அச்சைத் தூக்கினால் வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி எடுத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். சூளை கிடையாது. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்தே வருகிறது. கம்போடியப் பழைய கற்களுக்கும் சூளை இல்லை, அச்சும் வண்ணமும் அழுத்தமும்தான் என்று அவருக்கே இவள் விளக்கம் சொன்னாள். அவர் ஒரு அச்சைக் கையில் கொடுத்து, "நீ ஊத்திப் பாரு தாயி" என்றார். அந்தக் கல்லில் ஒரு இதழ் வழிந்துபோயிருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். கட்டடக் கலை படிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இதிலிருந்துதான் வந்தது.

"சிநேகிதம் இருக்கா? எந்நேரமும் போனும் கையுமா இருக்காளே?"

சிநேகிதிகள் அங்கே இருப்பதால்தான் கையில் போன். கம்போடியாவில் டெலிகிராம்தான் எல்லாருக்கும். வாலிபால் கூட்டத்துக்கு ஒரு குழு, சபைப் பிள்ளைகளுக்கு ஒரு குழு. இன்னொரு குழு, வேறு வேறு நாட்டில் வளரும் மிஷனெரி பிள்ளைகளுக்கானது. விளக்கம் ஒன்றும் சொல்லாமல் பேச முடிகிற இடம் அது ஒன்றுதான் என்பாள்.

"அங்க எல்லாரும் புத்த மதமாச்சே. மதம் மாத்தத்தானே போயிருக்காங்க? சண்டை வராதா?"

இதை நேராகவே கேட்பவர்களை நான் மதிக்கிறேன், நேராகவே சொல்கிறேன். கம்போடியாவில் பௌத்தம் அரசு மதம். வேறு மதத்தாருக்கும் வழிபாட்டு உரிமை உண்டு. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்யக்கூடாது என்று 2007-இல் அரசு உத்தரவு போட்டிருக்கிறது. இவர்கள் அதை மீறுவதில்லை. கேட்டு வருபவர்களிடம் தங்கள் விசுவாசத்தைச் சொல்வார்கள். பாடமும் மருத்துவமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பிள்ளையைப் பொறுத்தவரை, அவள் தோழிகளில் முக்கால்வாசிப் பேர் பௌத்த வீட்டுப் பிள்ளைகள். பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். பாட்டியை அங்கே யேய் என்பார்கள், இவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். புரட்டாசி வாக்கில் பச்சும் பென் என்று முன்னோர்களுக்கான நாட்கள் வரும், நம்ம ஊர் மகாளய பட்ச நேரம்தான். அப்போது வாழையிலையில் ஒட்டரிசி கட்டி அவித்து விகாரைக்குக் கொண்டுபோவார்கள். படைத்ததை இந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள் என்று யேய்க்குத் தெரியும். அதனால் கொண்டுபோவதற்கு முன்பே இவர்களுக்கென்று சிலவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து போகும் கையில் யேய்க்கு நாங்கள் கட்டாயம் முறுக்கு அனுப்புவோம்.

யேய் 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் கொடூர ஆட்சியைப் பார்த்தவர். அந்த நான்கு வருடத்துக்குள் பசியிலும் கொலையிலும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன நாடு அது. அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. எங்கள் வீட்டில் இவள் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்து "அங்க சோத்துக்குக் கஷ்டமோ" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள். அது யேய் வீட்டுப் பழக்கம்.

"வெளிநாடு, டாலர் சம்பளம். அப்புறம் எதுக்கு இங்க காணிக்கை?"

டாலர் சம்பளம் இல்லை. அங்கே கடையில் ரியெல், டாலர் இரண்டும் புழங்கும், அதனால் இந்தப் பேச்சு வந்திருக்கலாம். இவர்களைத் தாங்குவது இங்குள்ள குடும்பங்களும் சபைகளும் மாதாமாதம் கொடுக்கும் பணம்தான். வீட்டு வாடகை, வருடந்தோறும் விசா நீட்டிப்பு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. இது பிள்ளைக்கும் நன்றாகத் தெரியும். புதுச் செருப்பு வாங்கினால்கூட "இது பரிசாக வந்தது" என்று கேட்காமலேயே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள். 16 வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லும் நிலை வரக்கூடாது. கணக்குக் கேட்பதானால் பெரியவர்களிடம் கேளுங்கள். அவள் போன் என்ன விலை, சட்டை என்ன விலை என்று அவளிடம் கேட்காதீர்கள்.

"எத்தனை வருஷத்துக்குப் போயிருக்காங்க? ஒரேயடியா வந்துர மாட்டாங்களா?"

செட்டிநாட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்யப் போனவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பி, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள் இல்லையா, அதே மாதிரிதான். சில வருடம் அங்கே, பிறகு சில மாதம் ஊரில். இதை 'ஃபர்லோ' என்பார்கள். அந்த மாதங்களிலும் அப்பா அம்மா சபை சபையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு வித்தியாசம், கொண்டுவிக்கப் போனவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கே ஆத்தாளோடும் அப்பத்தாளோடும் இருந்தார்கள். இவள் அங்கேயே வளர்கிறாள். எப்போது ஒரேயடியாக வருவார்கள் என்பது முடிவாகவில்லை.

"பிளஸ் டூ முடிச்சு இங்க காலேஜ்ல சேர முடியுமா? சர்ட்டிபிகேட் செல்லுமா?"

செல்லும், வேலை கொஞ்சம் அதிகம். வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்கு அது இங்குள்ள பிளஸ் டூவுக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சான்று வாங்க வேண்டும். இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்கள் இருப்பிடச் சான்று காட்ட வேண்டும். டாக்டராக வேண்டும் என்றால் எந்த நாட்டில் படித்திருந்தாலும் நீட் எழுதியே ஆக வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், சேருகிற வருடத்துக் கையேட்டைப் படிப்பதுதான் சரி.

இதே நிலையில் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 15 வயது தாண்டிய பிள்ளைக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 10 வருடத்துக்கே கேட்டு வாங்கலாம். கல்லூரி சேரும் நேரத்தில் அலையாமல் தப்பிக்கலாம்.

"உன் ஊர் எதுன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்குறாளே?"

பதில் ஒன்றுக்கு மேல் இருப்பதால்தான். காரைக்குடி என்றால் "அப்ப இங்க ஏன் படிக்கலை" என்று அடுத்த கேள்வி. கம்போட் என்றால் "சொந்த ஊரை மறந்துட்டியா" என்று இன்னொரு கேள்வி. அங்கே அவள் முகத்தைப் பார்த்தாலே வெளிநாட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். இங்கே முகம் நம்ம முகம், ஆனால் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துவிட்டு "இதுதான் தண்ணி" என்பவளும் அவள்தான், மழை வந்ததும் "கம்போட்ல இப்ப ஆறு நிறைஞ்சிருக்கும்" என்பவளும் அவள்தான். இரண்டும் அவள் ஊர். அப்படியே விட்டுவிடலாம்.

"வந்தா சந்தோஷமா இருக்க வேண்டாமா? ஏப்ரல்ல வந்தவ மூலையில உட்கார்ந்திருந்தாளே?"

மேலே சிநேகிதிகளைப் பற்றிச் சொன்னதை ஒருமுறை பாருங்கள். ஏப்ரல் 14 வாக்கில் அங்கேயும் புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி, முகத்தில் பவுடர் பூசி விளையாடுவார்கள். டெலிகிராமில் தோழிகளின் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன, இவள் இங்கே. அதற்கும் மேல், போன வருடம் அவளுடைய நெருங்கிய தோழியின் குடும்பம் ஊழியம் முடிந்து தங்கள் நாட்டுக்கே திரும்பிவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு இப்படி வழியனுப்புவதே வாடிக்கையாகிவிடுகிறது. துக்கம் என்று யாரும் பெயர் வைக்காததால் அழவும் கூச்சப்படுகிறார்கள். "தேவனுக்காகத்தானே, சந்தோஷமா இரு" என்று அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டு ஆச்சி ஒன்றும் கேட்காமல் பல்லாங்குழியை எடுத்து வைத்து ஆடக் கூப்பிட்டார்கள். அது போதுமாக இருந்தது.

"வயசுப் பிள்ளையாச்சே, அங்கேயே யாரையாவது கட்டிக்கிட்டா?"

16 வயதுப் பிள்ளை. இந்தக் கேள்வியை அவளிடம் கேட்க வேண்டாம்.

"ஞாயித்துக்கிழமை அவளைச் சபையில சாட்சி சொல்லச் சொல்லலாமா? நம்ம பிள்ளைங்களுக்கும் பிரயோஜனமா இருக்குமே."

முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள், ஒரு வாரம் முன்னாலேயே. ஆராதனை நடுவில் திடீரென்று மைக்கை நீட்டினால் அவளால் மறுக்க முடியாது. கம்போடிய உடையைப் போட்டுக்கொண்டு அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்வதும் வேண்டாம், சின்ன வயதில் அவளுக்கே அது பிடித்திருந்தது, இப்போது பிடிக்கவில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இதற்கும்: ஊழியம் அப்பா அம்மாவுடையது.

அதற்குப் பதிலாக வாலிபர் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், பேசுவதற்கு அல்ல, சும்மா உட்காருவதற்கு. விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நாட்களில் சுவரில் படம் வரைய ஆள் வேண்டும் என்று போன மே மாதம் நம் பிள்ளைகள் கேட்டதும் ஓடிவந்தாள். மூன்று நாளும் கை முழுக்க பெயிண்ட். அங்கே எல்லாரோடும் பேசினாள், கம்போடியாவைப் பற்றியும் தானாகவே சொன்னாள்.

"போகும்போது குடுத்துவிட என்ன வாங்கலாம்?"

புளி, மஞ்சள், தேங்காய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். கறிவேப்பிலைதான் கம்போட்டில் அரிது, நிழலில் உலர்த்திக் கொடுத்தால் என் தங்கை உங்களை வாழ்த்துவாள். மோர் மிளகாய், வடகம், சாம்பார்ப் பொடி, சீடை எல்லாம் நல்லது. கொப்பரை வேண்டாம், விமானத்தில் விடமாட்டார்கள். ஊறுகாயை எண்ணெய் வழியாதபடி கட்டிப் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் போனால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைக்கு என்று தனியாகக் கொடுக்க நினைத்தால், கட்டம்போட்ட நோட்டும் நல்ல கலர் பென்சிலும். உங்கள் வீட்டில் பழைய தரை இருந்தால் ஒரு சாயங்காலம் வந்து வரைந்துகொள்ளச் சொல்லுங்கள், அதைவிடப் பெரிய பரிசு அவளுக்கு இல்லை. இந்த முறை மே கடைசியில் கிளம்புகிறாள். சாமான் கொடுப்பவர்கள் அதற்கு முந்தின வாரத்துக்குள் கொடுத்துவிட்டால் எடை பார்த்து அடுக்கச் சௌகரியமாக இருக்கும்.